எட்டாம் எண்ணுக்கு வழி

லோகநாதன் இறந்துவிட்டதாக அவருடைய மைத்துனன் பூபதி பதிவு செய்த சனிக்கிழமை மதியம், லோகநாதன் மத்தியப் பிரதேசத்தில் சிவனிக்குத் தெற்கே ஒரு போர்வெல் வண்டியின் மேல் நின்றுகொண்டு, அறுநூறு அடியிலாவது தண்ணீர் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்தது. தான் போய்ச் சேர்ந்துவிட்ட சேதி மட்டும் அவருக்கு வரவில்லை.

நம் ஆட்களுக்கு லீவு லெட்டரில் தாத்தாவைக் கொன்று பழக்கம். ஒரே தாத்தாவுக்குக் கல்லூரியின் நான்கு வருடமும் கருமாதி செய்தவர்கள் இன்று பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். சாலையை இயந்திரம் ஆளத் தொடங்கிய பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

திருச்செங்கோட்டில் பூபதி தன் அக்கா கௌசல்யாவுக்கு விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தான்.

"இங்க பாருக்கா. இப்ப ரோட்டுல போற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வழியெண் உண்டு. சும்மா ஊர் சுத்தறவனுக்கு ஒண்ணு. பொணம் ஏத்திட்டுப் போற வண்டிக்கு ரெண்டு. படிக்கறதுக்கு, வேலைக்குச் சேர்றதுக்கு மூணு. பிரசவத்துக்கு ஏழு. பெத்தவங்க செத்துப் போய் மொகம் பாக்க ஓடறவங்களுக்கு எட்டு. உசுருக்கு இழுத்துட்டு இருந்தா ஒம்பது, அது நாம எல்லாம் கையில கட்டியிருக்கற கைப்பட்டையே நாடி பாத்துக் குடுத்துரும். பெரிய எண்ணு வந்தா சின்ன எண்ணு வண்டி தானா ஒதுங்கி நின்னுக்கும். நாம அழுதாலும் நகராது."

"பொணத்துக்கு ரெண்டுதானா?"

"அதுக்கென்னக்கா இனி அவசரம்?"

அவசரம் லோகநாதன், கௌசல்யாவின் ஒரே மகள் சஷ்டிகாவுக்குத்தான். டெல்லியில் இருக்கும் வழியுரிமை ஆணையத்தில், அதாவது இந்த எண்களை வகுத்துக் கொடுக்கிற இடத்திலேயே, அவளுக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தது. ஒன்பதாயிரம் பேர் எழுதியதில் ஆறு பேர். திங்கள் காலை பத்து மணிக்கு நேரில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கூடவே ஒரு விதி: சேர வருகிறவர் சொந்த ஊரிலிருந்து தனியாக, சாலை வழியாகவே வர வேண்டும். சாலையைப் பற்றி முடிவெடுக்கப் போகிறவர்கள் ஒரு தடவையாவது அதில் முழுசாகப் போய்ப் பார்க்கட்டும் என்று யாரோ நல்ல மனிதர் எழுதி வைத்தது.

கடிதம் புதன்கிழமை வந்தது. மூன்றாம் எண்ணில் டெல்லிக்கு மூன்றரை நாள். வியாழன் விடிந்ததும் கிளம்பியிருந்தால் சரியாக இருந்திருக்கும். ஆனால் வியாழன் அஷ்டமி. வெள்ளிக்கிழமை நவமி பிறந்து, சனி மதியம் மூன்று மணி வரைக்கும் பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டது. "ஒத்தைப் புள்ளைய நவமியில அனுப்பிட்டு நான் தூங்கறதா?" என்று கௌசல்யா கார்ச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சாமி கும்பிடாத சஷ்டிகா அம்மாவிடம் மட்டும் வாதாடி ஜெயித்ததில்லை. எல்லாம் சேர்ந்து இப்போது இரண்டு நாள்கூட மிச்சமில்லை. அதற்குள் போக வேண்டுமென்றால் எட்டாம் எண் வேண்டும். எட்டாம் எண்ணுக்கு ஒரு ஆள் சாக வேண்டும்.

"என்னைய மட்டும் சாகடிச்சுப் போடாதீங்க. திங்கக்கெழமை கைநாட்டு வெக்க ரேசன் கடைக்குப் போகோணும்," என்றாள் கௌசல்யா.

அதனால் ஊரில் இல்லாதவரைப் பிடித்தார்கள். ரிக் என்கிற அந்தப் போர்வெல் வண்டியோடு வருடத்தில் பத்து மாதம் வடக்கே கிடக்கிறவர் லோகநாதன். அவரைக் கேட்கவும் இல்லை.

"வேண்டாமுங்க மாமா," என்றாள் சஷ்டிகா. "நான் சேரப் போறதே அந்த ஆபீஸ்லதான்."

"அதனாலதான் கண்ணு சொல்றேன். மூணு நாளைக்கு அவன் ஒண்ணும் விசாரிக்க மாட்டான், எழவு வீட்டுல போய்ச் சாட்சி கேக்கறது மரியாதையில்லன்னு விதி. நீ போய்ச் சேந்ததும் 'தவறான பதிவு'ன்னு நான் எழுதிப் போட்டுருவேன். ஊரே பண்ணுது. செத்ததா சொன்னா ஆயுசு கெட்டிம்பாங்க, மச்சானுக்கு நல்லதுதான்."

சஷ்டிகா மறுபடி வேண்டாம் என்று சொல்லவில்லை. பிற்பாடு அவள் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும், அந்த இடத்தில் அவள் வாய் மூடியே இருந்தது.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் கார் கிளம்பியது. கூரையில் வெள்ளையாக 8 எரிந்தது.

சங்ககிரி தாண்டுவதற்குள்ளேயே அதன் வீரியம் தெரிந்துவிட்டது. முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் நழுவின. சேலத்தில் நிற்கவில்லை, ஓசூரில் நிற்கவில்லை, பெங்களூரே வழிவிட்டது. முதலில் கூசியது. பிறகு கூச்சம் தேய்ந்து, ஹைதராபாத்துக்கு முன்னாலேயே காலை நீட்டித் தூங்கிப்போனாள். தப்பு செய்கிறவர்களுக்குத் தூக்கம் வராது என்பதெல்லாம் நல்லவர்கள் கட்டிவிட்ட கதை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நாக்பூரைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரிக்கில் அப்பாவோடு இருபது வருடமாக டிரில்லராக இருக்கும் சதீஷ். சொந்தமில்லை, ஆனால் அவளுக்குச் சித்தப்பா.

"பாப்பா, பயப்படாத. அப்பாவுக்கு நெஞ்சு வலி. இடது கை வரைக்கும் இழுக்குதாம். வேர்த்து ஊத்துது. இங்கத்த நர்சு மாத்திரை குடுத்து, ஒரு மணி நேரத்துல நாக்பூர் கொண்டு போகச் சொல்லுச்சு. ஜீப்புல ஏத்திட்டேன்."

"வாங்க சித்தப்பா, சீக்கிரம் வாங்க! ஒம்பது குடுத்துருக்குமே?"

சதீஷ் குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டு குடுத்துருக்குது பாப்பா. கைப்பட்டையப் படிச்சுட்டு, இவர் நேத்தே எறந்துட்டார்ங்குது. ஜீப்பைச் சவ வண்டின்னு எழுதிப் போட்டுருச்சு. பட்டையக் கழட்டியும் பாத்துட்டேன், ஒருக்கா எழுதுனா மாத்த மாட்டேங்குது. நாப்பதுக்கு மேல போகல. சைக்கிள்காரன் தவிர எல்லாத்துக்கும் ஒதுங்குது. ஆம்புலன்ஸ் கேட்டா, எறந்தவங்களுக்கு அனுப்பறதில்ல, வருந்துகிறோம்னு சொல்லுது. உங்கப்பா பக்கத்துல ஒக்காந்து தண்ணி கேட்டுட்டு இருக்காரு. யாரு பாப்பா இந்த வேலையப் பண்ணுனது?"

சஷ்டிகா "ஒரு நிமிசம் சித்தப்பா," என்று மட்டும் சொல்லி, ஆணையத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். பேசியது இயந்திரம்தான், ஆனால் தமிழ் அழகாக இருந்தது.

"என் அப்பா உயிரோட இருக்கார். பதிவு பொய். நீக்கிடுங்க."

"உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம். பலருக்கும் முதலில் இப்படித்தான் நம்ப முடிவதில்லை."

"நம்ப முடியாம இல்ல! பொய்யான பதிவு!"

"பொய் என்று ஒப்புக்கொண்டு பதிவை நீங்கள் திரும்பப் பெறலாம். பெற்றால் உங்கள் வழியெண் ஓராண்டுக்கு ஒன்று. ஆணையத்தின் எந்தப் பணிக்கும் தகுதி இல்லை. இறந்தவரின் நிலையை மாற்ற, அதிகாரி அவரை நேரில் பார்க்க வேண்டும். இன்று ஞாயிறு. திங்கள் காலை பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும்."

திங்கள் காலை பத்து மணி. அவள் போய் உட்காரப் போகும் அதே அலுவலகம், அதே பத்து மணி. இது போன்ற கேள்விகளுக்கு இப்படிப்பட்ட பதில்களைத் தயாரிக்கத்தான் ஒன்பதாயிரம் பேரில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

வேலை போனால் போகட்டும் என்று அவள் திரும்பப் பெற்றிருப்பாள். ஆனால் பெற்றால் அப்பாவின் ரெண்டு மாறாது, தன் எட்டு மட்டும் போய்விடும். திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு மறுபடி சதீஷைக் கூப்பிட்டாள்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"காட்டு ரோட்டு வடக்கு முனையில. ஒரு பக்கம் தோண்டிப் போட்டுருக்கான், இருவது கிலோமீட்டருக்கு ஒரு வழிதான், மாத்தி மாத்தி விடறான். இந்நேரம் எங்க பக்கம் விட்டுருக்கோணும். தெக்க இருந்து ஒரு எட்டு வருதாம், அது தாண்டற வரைக்கும் கேட்டை மூடிட்டான். பத்து நிமிசமா நிக்கறோம். எந்தப் புண்ணியவாளன் வர்றானோ."

சஷ்டிகா முன்னால் பார்த்தாள். தேக்கு மரங்கள் தொடங்கியிருந்தன. தெற்கு முனையில் நூறு வண்டிகளாவது ஓரமாக நின்றன. நடுவில் ஒரே ஒரு வழி, அவளுக்காகத் திறந்து கிடந்தது. கார் வேகம் குறைக்காமல் உள்ளே நுழைந்தது.

"அந்த எட்டு நாந்தானுங்க சித்தப்பா," என்றாள்.

அவனுக்கு விவரம் புரிந்திருக்க வேண்டும். "அப்ப சீக்கிரம் வா," என்றான்.

நடுவில் நின்றால் இன்னும் மோசம். அவள் அந்த முனையை அடைகிற வரை யாருக்கும் விடுதலை இல்லை. திரையில் பத்து நிமிடம் காட்டியது. ஒன்பது. காருக்குள் அவளால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை; ஸ்டியரிங் இருந்தால் அதையாவது பிடித்திருப்பாள். எட்டு. அம்மாவைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? நவமி முடிந்துதானே அம்மா அனுப்பினாள். ஐந்து. போனில் சதீஷ் அப்பாவிடம் "கண்ணைத் தொறங்கண்ணா, தூங்காதீங்க" என்று சொல்வது கேட்டது. இரண்டு. "கடவுளே" என்று தன் வாய் சொல்வதைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வடக்கு முனையில் கேட்டுக்கு அப்பால் ஒரு காட்சி. நின்ற வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி, சாலையோரம் வரிசையாக நின்று, அவளைப் பார்த்துக் கைகூப்பினார்கள். முதலில் நின்ற வெள்ளை வேனின் கூரையில் 7 எரிந்தது; அதன் பக்கத்தில் நின்ற இளைஞன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். துக்க வண்டி போனால் இந்தப் பக்கம் அப்படி ஒரு வழக்கமாம், சதீஷ் பிறகு சொன்னான். சஷ்டிகாவுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க நேரமும் இல்லை, தைரியமும் இல்லை.

வரிசையின் கடைசியில், எல்லாருக்கும் பின்னால், ஜீப் நின்றது.

"போகும் இடத்தை மாத்து," என்று காரிடம் சொன்னாள். "நாக்பூர். பெரிய ஆஸ்பத்திரி."

"காரணம்?"

உண்மையைச் சொன்னால் எட்டு போய்விடும். "உடல் அங்கதான் இருக்கு," என்றாள். "இப்பதான் சேதி வந்துச்சு."

"வருந்துகிறோம். வழியெண் எட்டு தொடரும்."

லோகநாதன் சட்டையெல்லாம் நனைந்து, சாம்பல் நிறத்தில் இருந்தார். கைப்பட்டையை ஜீப்பிலேயே போட்டுவிட்டு, அவரைச் சதீஷும் அவளும் தூக்கி வந்து பின் சீட்டில் சாய்த்தார்கள். சதீஷ் முன்னால் ஏறிக்கொண்டான்.

"கைப்பட்டை இல்லாத பயணி ஒருவர் இருக்கிறார்," என்றது கார். "யார்?"

"சொந்தக்காரர். துக்கத்துக்கு வர்றார்."

தன் சாவுக்குத் தானே துக்கம் கேட்கக் கிளம்பியவர் லோகநாதன் ஒருவராகத்தான் இருக்கும். கார் திரும்பியது. எட்டாம் எண் என்பதால் வரிசையில் முதலில் நுழைந்தது. எட்டுக்குப் பின்னால் விட வேண்டிய இடைவெளியை விட்டு, வேனும் மற்றவையும் வெகு தூரத்தில் வந்தன.

"நீ எங்க கண்ணு இங்க?" என்றார் லோகநாதன். "என்னமோ ஜீப்பு என்னையப் பொணங்குது."

"நாங்கதானுங்கப்பா. டெல்லிக்கு நேரத்துல போகோணும்னு... மாமா எழுதுனார். நான் பேசாம இருந்துட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே கண்ணு," என்றார். "வேண்டாம்னா சொல்லியிருக்கப் போறேன்?"

அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். கார் துக்க வண்டிகளுக்கென்று வைத்திருந்த மெல்லிய இசையைப் போட்டது. சதீஷ் அதை நிறுத்துகிற பொத்தானைத் தேடிக் கெட்ட வார்த்தை சொன்னான்.

கார் திரும்பிய ஐம்பத்தோராவது நிமிடம் ஆஸ்பத்திரி. சேர்க்கும் இடத்தில் பெயர் கேட்டார்கள். லோகநாதன் என்று சொன்னால் பிணவறைக்குக் கை காட்டுவார்களோ என்று பயந்து, "பூபதி" என்றாள் சஷ்டிகா. கொன்றவர் பெயரிலேயே பிழைத்து வரட்டும். கதவு சாத்திக்கொண்டது. சதீஷ் மருந்து வாங்க ஓடினான்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் போனில் ஒரு செய்தி வந்திருந்தது. ஆணையத்திலிருந்து.

'தங்கள் தந்தையின் மறைவை எங்கள் பதிவேடு வழியாக அறிந்தோம். இந்நேரத்தில் தாங்கள் பயணம் செய்ய வேண்டியதில்லை. பதினைந்து நாட்கள் கழித்துப் பணியில் சேரலாம். உறவினர் உடல்நலம், குடும்பச் சடங்கு, நல்ல நாள் உள்ளிட்ட எந்தக் காரணத்துக்கும் பயிற்சி பெற வருவோர் கேட்டால் இந்த அவகாசம் உண்டு என்பதையும் நினைவூட்டுகிறோம்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். கேட்டால் உண்டு. வீட்டில் மூன்று பேர் சேர்ந்து யாரைச் சாகடிக்கலாம் என்று யோசித்தார்களே தவிர, ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் இதில் இன்னொன்றும் இருந்தது. அது அவளுக்கு உடனே விளங்கியது, புத்திசாலிப் பெண்தானே. இடம் போகவில்லை. நாளைக்கு மாமா 'தவறான பதிவு' என்று எழுதிப் போடுவார். அப்பா பிழைத்துவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் பேசாமல் இருந்தால் போதும்.

எதிர் பெஞ்சில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். கையில் தலைப்பாகைத் துணி. அவளைப் பார்த்ததும் எழுந்து பக்கத்தில் வந்தான்.

"தீதி, அந்த எட்டு நீங்கதானே?" என்றான் இந்தியில், அக்கா என்கிற மரியாதையோடு. வேலைக்காக ஒரு வருடம் படித்த இந்தி அவளுக்கு இருந்தது. "இறந்தது யாரு?" என்று கேட்டான்.

"அப்பா."

அவன் தலையசைத்தான். அவளை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். "நாங்களும் அந்தக் கேட்டுலதான் நின்னோம். என் பொண்டாட்டிக்கு வலி. நான் வண்டியைத் திட்டினேன். அவதான் சொன்னா, சும்மா இரு, அவங்க முகம் பாக்கப் போறாங்க, நமக்கு இன்னும் நேரம் இருக்குன்னு. படுத்துக்கிட்டே அவளும் கை கூப்பினா."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"அவ நல்லா இருக்கா." துணியை மடித்தான், பிரித்தான். "குழந்தை இல்ல. கழுத்துல கொடி சுத்தியிருந்துதாம். ஒரு இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. என்ன செய்யறது? யாரைக் குறை சொல்றது? உங்களுக்கு முகம் பாக்கக் கிடைச்சுதா?"

சஷ்டிகா பதில் சொல்வதற்குள் கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பூபதியோட பொண்ணு யாரு? அடைப்பு எடுத்தாச்சு. கண் முழிச்சுட்டார், பயமில்ல. உங்களைத்தான் கேக்கறார்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வேளையிலும் அவனுக்கு அது முடிந்தது. "பிழைச்சுட்டாரா? இறந்துட்டார்னு தப்பாச் சொல்லிட்டாங்களா? பகவானே!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "போங்க தீதி, போய்ப் பாருங்க. இன்னிக்கு ஒரு நல்லதாவது நடந்துச்சே."

நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தடி தூரத்தில் அப்பா. சஷ்டிகா எழுந்தாள். இரண்டடி வைத்தாள். பிறகு திரும்பி வந்து அவன் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த இந்தியில், ஒரு சொல் கூடத் தப்பாகிவிடக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள்.

"யாரும் தப்பாச் சொல்லலை. நீங்க எல்லாரும் எனக்குக் கை கூப்பினப்போ, என் அப்பா சாகலை. நான் வேலைக்குச் சேரப் போயிட்டிருந்தேன்."